மூன்றாவது பட்டன் நீக்க விழா

வெண்முகில் பொறியியல் கல்லூரியில் ராகிங் கிடையாது. இது நான் கட்டிவிட்ட கதையல்ல. கல்லூரிக்கு ஏறுகிற பாதையில் தொடங்கிப் பதினான்கு பலகைகள் இதைச் சொல்கின்றன. முதல் பலகை ‘பகடிவதை இல்லா வளாகம்’ என்று வரவேற்கும். அடுத்தது ‘பகடிவதை செய்யாதீர்’ என்று கெஞ்சும். மூன்றாவது ‘செய்தால் சிறை’ என்று மிரட்டும். இப்படியே கெஞ்சியும் மிரட்டியும் போய், பதினான்காவது பலகை விடுதிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிப் பாறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ‘இவ்விடத்தில் மாணவர்கள் தாமாகவே வழுக்கி விழுகிறார்கள். கவனம்’ என்று அதில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள்.

மகன் வேடியப்பனை அங்கே சேர்த்த அன்று வீராயி பதின்மூன்று பலகைகளைத்தான் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பதால் ஒவ்வொன்றின் முன்னும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். மாரமங்கலத்துப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவள். புருஷன் மாதப்பன் மிளகு பறிக்கும்போது சவுக்கு மரத்து ஏணியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்து நான்கு வருடம். அவன் விட்டுப்போன சொத்து இரண்டு. ஒன்று வேடியப்பன். இன்னொன்று மூன்று முழுக்கைச் சட்டைகள். அந்தச் சட்டைகளைத்தான் மற்றப் பெண்களைப் போல அவளும் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவாள். மகனைப் பொறுத்தவரை, எஸ்டேட் தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான்.

சேர்க்கை முடிந்ததும் பெற்றோர்களை அரங்கில் உட்கார வைத்தார்கள். பகடிவதைத் தடுப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் பாக்கியநாதன் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“நம்ம கல்லூரில ராகிங் இல்லை. ஏன் இல்லை? நாங்க தடுக்கிறோம், அதனால இல்லை. இருக்கிறதைத் தடுக்க யாராலயும் முடியும். இல்லாததை வருஷம் பூரா தடுக்கிறதுக்குத்தான் ஒரு நிர்வாகம் வேணும். அதுக்காகவே பன்னிரண்டு குழு வெச்சிருக்கோம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். வீராயியும் தட்டினாள்.

முதலாமாண்டு மாணவன் ஒவ்வொருவனுக்கும் இரண்டாமாண்டிலிருந்து ஒரு காவல் அண்ணன் நியமிக்கப்படுவான் என்றார் பாக்கியநாதன். அவன் சட்டையில் பச்சைப் பட்டை இருக்கும். ராகிங் நடக்காமல் அவன் பார்த்துக்கொள்வான். பார்த்துக்கொள்வதற்கு நன்றியாக அவன் துணியைத் துவைத்துப் போட்டாலோ, கால் பிடித்துவிட்டாலோ, அது மாணவனின் சொந்த விருப்பம். அதில் நிர்வாகம் தலையிடாது.

“அடுத்து முக்கியமான விஷயம். ராகிங்னா என்னன்னே தெரியாத பிள்ளை எப்பிடிப் புகார் சொல்லும்? அதனால ஒவ்வொரு புதன்கிழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு ராகிங் ஒத்திகை. தீயணைப்புக்காரங்க ஒத்திகை பார்க்கிறதில்லையா? அது மாதிரி. சீனியர்கள் செஞ்சு காட்டுவாங்க. ஜூனியர்கள் பட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. ஒத்திகைன்னு முன்கூட்டியே அறிவிச்சுட்டா அது சட்டப்படி ராகிங் ஆகாது.”

வீராயி மெதுவாக எழுந்தாள். “ஏனுங்க சார், ஒத்திகைல அடிச்சா வலிக்குமுங்களா?”

“நல்ல கேள்வி” என்று பாக்கியநாதன் சிரித்தார். “வலிக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.”

அதற்கும் கைதட்டினார்கள். இந்த முறை வீராயி தட்டவில்லை. ஆனால் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். ‘என் மகன் யாரையும் பகடிவதை செய்ய மாட்டான்’ என்ற பத்திரத்தில் ஒன்று. ‘என் மகன் பகடிவதை செய்யப்படவும் மாட்டான்’ என்ற பத்திரத்தில் இன்னொன்று. செய்யப்படாமல் இருப்பதற்கு அவன் எப்படிப் பொறுப்பாவான் என்று அவளுக்கு விளங்கவில்லை. பின்னால் பெரிய வரிசை நின்றது, அதனால் கேட்கவில்லை.

தீபாவளிக்கு வேடியப்பன் வந்தான். பஸ் வந்த சத்தம் கேட்டு வீராயி பறிப்புப் பையை இடுப்பிலிருந்து அவிழ்க்கக்கூட இல்லாமல் ஓடிவந்தாள். பையன் வாசலிலேயே நின்றான். நாள் பூரா ஓடித் திரிந்த வீட்டுக்குள் ஏறாமல், கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவள் நெஞ்சைப் பார்த்தபடி நடுங்கினான்.

“என்ன சாமி அப்பிடிப் பாக்கற? அட்டை கிட்டை ஏறியிருக்குதா?” அவள் சட்டையை உதறிப் பார்த்தாள். அட்டை எதுவுமில்லை.

“பட்டன் இல்லீங்க” என்றான். “மூணாவது பட்டன் இல்லீங்க.”

“அதா? செடில மாட்டி அத்துப்போச்சு கண்ணு. ஊக்குக் குத்தியிருக்கறேன் பாரு. நீ உள்ள வா.”

அவன் உள்ளே வந்தான். உட்காரவில்லை. தகரப் பெட்டியைக் கிளறி ஒரு பட்டனும் ஊசிநூலும் எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி அவளிடம் நீட்டினான். சட்டையைக் கழற்றாமலேயே அவள் தைத்துக்கொண்டாள். கடைசி முடிச்சுப் போட்டதும் அவன் பெருமூச்சு விட்டான். அந்தப் பட்டனைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பித்தான்.

“பேரு வேடியப்பன். முதலாமாண்டு. ஊரு மாரமங்கலம். காவல் அண்ணன் அனுமதியோட ஊட்டுக்கு வந்திருக்கேனுங்க சீனியர்.”

வீராயிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். பெற்ற தாயை சீனியர் என்கிறானே பாவி! இரண்டு நாளும் அப்படித்தான் இருந்தான். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டான். தூங்க அனுமதி கேட்டான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான். எழுந்திருக்கச் சொல்ல மறந்துவிட்டால் அங்கேயே இருந்தான். கிளம்புகிற அன்று அவள் தாங்காமல் அவன் மோவாயைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள். முகம் மேலே வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டான்.

“ஏன் சாமி, அம்மா மூஞ்சியைப் பாக்கக் கூடாதா?”

“சீனியரோட மூணாவது பட்டனைத்தானுங்க பாக்கணும். மூஞ்சியைப் பாத்தா பாறைக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

“பாறைல என்ன பண்ணுவாங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ஓரத்துல நிக்கச் சொல்லுவாங்க.” கண்ணைத் திறக்காமலேயே சொன்னான். “போன வருஷம் ஒரு அண்ணன் நின்னாராமா.”

அந்த அண்ணன் பிறகு என்ன ஆனான் என்று அவள் கேட்கவில்லை. மகனை அந்த மலையிலிருந்து முழுசாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், படிப்பு எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

பறிப்பு மும்முரத்தில் எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் லீவு தரமாட்டார். அவரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை வீராயி கல்லூரிக்குப் போனாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று பட்டன் தைத்த சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

குழு அறையில் பாக்கியநாதனும் பகடிவதைத் தடுப்புப் பறக்கும் படையைச் சேர்ந்த இரண்டு வாத்தியார்களும் இருந்தார்கள். பறக்கும் படை உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தது.

“புகார் சொல்லணுமுங்க” என்றாள்.

“தாராளமா. ஆனா முதல்ல உறுதிமொழி எடுக்கணும்மா. நேரா நில்லுங்க. கையைக் கீழே விடுங்க.”

அவள் கையைக் கீழே விட்டாள். “பகடிவதையை நான் வெறுக்கிறேன்” என்று அவர் சொல்ல, அவளும் சொன்னாள். சத்தம் போதாது என்றார்கள். மறுபடி சொன்னாள். ஒரு வாத்தியாருக்குக் கேட்கவில்லையாம். அவர் அறையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று காதில் கை வைத்துக் காட்டினார். தொண்டை கிழியக் கத்தினாள். “சிரிச்ச முகமா சொல்லுங்கம்மா, வெறுப்பைக் காட்டாதீங்க” என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். இது உறுதிமொழியா ஒத்திகையா என்று வீராயிக்குச் சந்தேகம் வந்தது. மகன் அங்கே மாட்டிக்கொண்டிருந்ததால் சிரித்த முகமாகவே சொல்லி முடித்தாள்.

பிறகு படிவம் கொடுத்தார்கள். முதல் கேள்வி: ‘கல்லூரியில் பகடிவதை இல்லை என்பதை நீங்கள் முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள்?’ இரண்டாவது: ‘இல்லாததைக் குறித்து உங்கள் மகிழ்ச்சி மிக அதிகமா, அதிகமா?’ கடைசியில், மகனின் காவல் அண்ணன் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கட்டம்.

“ஏனுங்க, எம்பையனைப் படுத்தறதே அந்தக் காவல் அண்ணன்தானுங்களே! அவருகிட்டயே எப்பிடிக் கையெழுத்து வாங்கறது?”

“அப்ப அவருக்குத்தானேம்மா முழு விவரமும் தெரியும்?” என்றார் பாக்கியநாதன் பொறுமையாக. “விவரம் தெரியாதவங்க கையெழுத்துப் போட்டா அது பொய்ச் சாட்சி ஆயிடும்.”

அந்த நேரம் முதல்வர் உள்ளே வந்தார். பாக்கியநாதன் விசுக்கென்று எழுந்தார். அதுவரை நீட்டி முழக்கிய மனிதர் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்தார். அவருடைய பார்வை முதல்வரின் சட்டையில் ஒரு இடத்தில் குத்தி நின்றது. வீராயி எண்ணிப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது.

முதல்வர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். “ஏழு வருஷமா ஒரு புகார் இல்லைம்மா. தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு கல்லூரி காட்டுங்க பார்ப்போம். இப்ப உங்க புகாரை வாங்கினா ஏழு வருஷ சாதனை போயிடும். நூத்தி எண்பது பிள்ளைங்களோட நல்ல பேரை உங்க ஒரு பிள்ளைக்காகக் கெடுக்கலாமா? பெத்த வயிறுதானே உங்களுதும்?”

அதற்குள் அவர் செல்போன் அடித்தது. அழைத்தவர் தாளாளர். முதல்வர் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தாளாளரின் படத்தை நோக்கித் திரும்பி, “சரிங்கய்யா, உத்தரவுங்கய்யா” என்றார். படத்தில் தாளாளர் சஃபாரி சட்டை போட்டிருந்தார். முதல்வரின் கண் அதில் மூன்றாவது பட்டனை விட்டு அசையவில்லை.

பேசி முடித்து அவர் உட்கார்ந்ததும் வீராயி கேட்டுவிட்டாள். “ஏனுங்க சார், நீங்களும் பட்டனைத்தானுங்களே பாக்கறீங்க?”

பறக்கும் படை வடையை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தது. முதல்வர் மேசையைத் தட்டினார்.

“பட்டன்! பாக்கியநாதன், குறிச்சுக்கோங்க. பிரச்சினைக்கு மூலகாரணம் பட்டன்.”

பட்டனும் வேண்டாம் படிப்பும் வேண்டாம், பையனை அனுப்பிவிடுங்கள், வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று வீராயி கும்பிட்டாள். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. கல்லூரியை விட்டு விலக மூன்று காரணங்கள் அச்சிட்டிருந்தார்கள்: திருமணம், வெளிநாட்டுப் பயணம், மரணம்.

“இதுல எதுன்னு சொல்லுங்கம்மா” என்றார் பாக்கியநாதன் அன்பாக. “இப்பவே அனுப்பி வெச்சுடறோம்.”

வீராயி படிவத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். விடுதிப் பக்கமாக நடந்தபோதுதான் பதினான்காவது பலகையைப் பார்த்தாள். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. பாறை ஓரத்தில் ஒரு பையன் தலை குனிந்து நின்றான். அவள் மகன் இல்லை. அவனுக்கு நான்கு அடி பின்னால் பச்சைப் பட்டைக்காரர்கள் இரண்டு பேர் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

“ஒத்திகை புதன்கிழமைதானுங்களே? இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சுங்களே?” என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“நல்லா வர்ற வரைக்கும் பாக்கறாங்கம்மா” என்றான் வாட்ச்மேன். “நீங்க பாத்துப் போங்க, வழுக்கும்.”

மாசி மாதம் அவளுக்கு அழைப்பிதழ் வந்தது. மூன்றாவது பட்டன் நீக்க விழா. சிறப்பு விருந்தினர், சமவெளியிலிருந்து வரும் ஆய்வு அதிகாரி. சிறப்புப் பெற்றோர், திருமதி வீராயி மாதப்பன். முதலாமாண்டு மாணவர்கள் எல்லோருடைய சட்டையிலிருந்தும் மூன்றாவது பட்டனை அகற்றுவது என்று பன்னிரண்டு குழுக்களும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தன.

மேடையில் வீராயிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவரிடமே கேட்டாள். “ஏனுங்க, இந்தப் பசங்க பாக்கறது சீனியருங்க பட்டனைத்தானுங்களே? அப்ப அதைத்தானே எடுக்கோணும்?”

“அவங்க காவலர்கள்மா” என்றார் பாக்கியநாதன். “காவலர் சீருடைல கை வைக்கலாமா?”

ஒரு தட்டில் கத்திரிக்கோல் வைத்து நீட்டினார்கள். முதல் பட்டனை அவள்தான் வெட்டித் தொடங்கிவைக்க வேண்டுமாம். முதல் ஆளாக வேடியப்பனை மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கு முன்பே காவல் அண்ணன் ஒருவன் அவள் காதோரம் வந்து, “நல்லபடியா வெட்டுங்கம்மா, ராத்திரி விடுதில தூங்கறது உங்க பையன்தானே” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வீராயி வெட்டினாள். பட்டனோடு துணியும் கொஞ்சம் கிழிந்தது. “மேல பாரு சாமி, ஒரே ஒரு தடவை அம்மாவைப் பாரு” என்று குசுகுசுத்தாள். அவன் பார்க்கவில்லை.

அதிகாரி பேசினார். “உலகத்திலேயே இது முதல் முயற்சின்னு நினைக்கிறேன். இதில் இன்னொரு நன்மையும் இருக்கு. முதலாமாண்டு மாணவன் யாருன்னு இனிமே அரை கிலோமீட்டர் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அவர்களைத் தேடிப் போய்ப் பாதுகாக்க சீனியர்களுக்கு எவ்வளவு வசதி!”

பின் வரிசையில் பச்சைப் பட்டைகள் வெகுநேரம் கைதட்டின. நூற்று எண்பது பட்டன்களையும் கண்ணாடி ஜாடியில் போட்டு முதல்வர் அறையில் வைத்தார்கள். அந்த வருடமும் ஒரு புகாரும் வரவில்லை. பங்குனியில் பாறை ஓரம் ஒரு பையன் தானாகவே வழுக்கி விழுந்தான். பலகைக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று வீராயி ரைட்டரிடம் பொய்கூடச் சொல்லாமல் வேலையைப் போட்டது போட்டபடி கல்லூரிக்கு ஓடினாள். விழுந்தவன் பெயர் வேறு என்று வாட்ச்மேன் சொன்னான். அப்பாடா என்று அவளுக்குத் தோன்றியது. அந்த அப்பாடாவை நினைத்து எட்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு தப்புச் செய்தாள். ஆடி மாதம் பக்கத்து லைன் அம்மணி தன் மகன் சின்னனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்டு வந்தபோது, வீராயி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேடியப்பன் போனில் அம்மணியிடம் பேசிவிட்டான். “நான் இருக்கறனல்லங்க சித்தி, பாத்துக்க மாட்டனா?” என்றானாம். மகன் தைரியமாகப் பேசினான் என்று கேட்டதே வீராயிக்குப் பெரிதாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாள். சின்னனும் அங்கேயே சேர்ந்தான்.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை வேடியப்பன் வந்தான். களை வெட்டிவிட்டு வீராயி அப்போதுதான் வந்திருந்தாள். வாசலில் நிற்காமல் விறுவிறுவென்று உள்ளே ஏறினான். “அம்மா, பசிக்குது!” என்று சத்தம் போட்டான். தலையை நிமிர்த்தி நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

ஒரு வருடமாகப் பார்க்காத கண்கள்! வீராயிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவன் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். இருந்த ஒரு கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள். அவன் கேட்காமலேயே உட்கார்ந்தான், கேட்காமலேயே தண்ணீர் குடித்தான். அவள் குலதெய்வத்துக்கு மனசுக்குள் பொங்கல் நேர்ந்துகொண்டாள். என் பிள்ளை தப்பித்துவிட்டான், ஒரு கெடுதலும் இல்லாமல் திரும்பி வந்துவிட்டான் என்று சந்தோஷம் தாங்கவில்லை.

அவன் சட்டையில் மூன்றாவது பட்டன் திரும்ப வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். பச்சை நூலில் தைத்திருந்தது. இரண்டாமாண்டுக்குப் போனவர்களுக்கு ஜாடியிலிருந்து எடுத்து, விழா நடத்திக் கொடுத்தார்களாம்.

வாசலில் அம்மணியின் குரல் கேட்டது. அவளும் வேலைச் சட்டையோடுதான் நின்றாள்.

“அக்கா, ஊசிநூல் இருந்தாக் குடுங்கக்கா. எங்க சின்னன் காலேஜ்ல இருந்து வந்திருக்கறான், ஊட்டுக்குள்ளயே ஏற மாட்டேங்கறான். எம்பட சட்டைல ஒரு பட்டன் இல்லியாமா. அதைத் தெச்சாத்தான் வருவேங்கறான். நொம்ப நடுங்கறான்க்கா, எனக்கு ஒண்ணுமே புரியல.”

வீராயி தகரப் பெட்டியைத் திறந்தாள். ஊசி கைக்கு அகப்படவில்லை. திரும்பி மகனைப் பார்த்துக் கேட்டாள்.

“சின்னனுக்குக் காவல் அண்ணன் ஆரு சாமி?”

வேடியப்பன் கோழிக் காலைக் கடித்தபடி சிரித்தான். “நான்தாம்மா. பயப்படாதீங்க, ஒரு புகாரும் வராது.”

அவன் இன்னும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வீராயியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் தலை தானாகக் குனிந்தது. அவள் பார்வை இறங்கிப் போய், பச்சை நூலில் தைத்த அந்தப் பட்டனில் நின்றுவிட்டது.